பித்தநாளப் புற்று அடைப்பை எண்டோஸ்கோப்பி வழியே பொசுக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புற்றுநோயால் பித்தநாளம் அடைபட்டால் உடம்புக்குள் என்ன நடக்கிறது?

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீர் சுரக்கிறது. வலது, இடது என்று இரண்டு கிளைக்குழாய்களில் அது வருகிறது. கல்லீரலின் வாசலில் இரண்டும் ஒன்றாகி, பித்தப்பையின் குழாயையும் சேர்த்துக்கொண்டு, கணையத்தின் தலைப்பகுதி வழியே இறங்கி முன்சிறுகுடலில் கொட்டுகிறது. இந்தப் பாதையில் எங்கே கட்டி வந்து நெரித்தாலும் பித்தம் ரத்தத்தில் ஏறும். கண் மஞ்சளாகும், சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகும், மலம் வெளிறும், இரவில் தூங்கவிடாமல் அரிப்பு எடுக்கும்.

அடைப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். கீழ்ப்பகுதி அடைப்பு பெரும்பாலும் கணையத் தலைப் புற்றால் வருவது. கல்லீரல் வாசலில் வருவது பித்தநாளத்தின் சொந்தப் புற்று. 1965இல் இதை விரிவாக எழுதிய மருத்துவர் ஜெரால்ட் கிளாட்ஸ்கின் பெயரால் இதைக் கிளாட்ஸ்கின் கட்டி என்பார்கள். பித்தப்பைப் புற்றும் பரவி இதே வாசலை அடைக்கும். கீழ் அடைப்புக்கு ஒரே ஒரு ஸ்டென்ட், அதாவது அடைப்பைத் திறந்து வைக்கும் சிறு குழாய், போதும். வாசல் அடைப்பில் பல கிளைகள் தனித்தனியாக அடைபட்டுக் கிடக்கும் என்பதால் வேலை பல மடங்கு கடினம். பொசுக்கு சிகிச்சை பற்றிய பேச்சு அதிகம் எழுவதும் இந்த இரண்டாம் வகையில்தான்.

‘அப்லேஷன்’ என்று டாக்டர் சொல்வது எதை?

வயிற்றைத் திறக்காமல், வாய் வழியே விட்ட எண்டோஸ்கோப்பிக் குழாய் மூலம் பித்தநாளத்துக்குள் போய், உள்ளே வளர்ந்த புற்றுத் திசுவை அங்கேயே சாகடிப்பதை. இதில் பெரிதும் புழங்கும் முறைகள் இரண்டு. ரேடியோ அலை மின்சாரத்தால் சூடாக்கிப் பொசுக்குவது ஒன்று. ஒளியால் தூண்டப்படும் மருந்தை ஊசியில் ஏற்றி, பிறகு சிவப்பு லேசர் ஒளியால் அதை முடுக்குவது இன்னொன்று. இரண்டுமே சில மில்லிமீட்டர் ஆழம்தான் போகும். குழாய்க்கு வெளியே பரவியிருக்கும் கட்டியை இவை தொடாது. ஆகவே இது நோயைக் குணமாக்கும் சிகிச்சை அல்ல. ஸ்டென்டுக்குத் துணையாகச் செய்யப்படுவது.

ஸ்டென்ட் மட்டும் வைத்தால் போதாதா?

பல நோயாளிகளுக்குப் போதும். ஆனால் ஸ்டென்ட் நிரந்தரமாகத் திறந்திருக்காது. பிளாஸ்டிக் ஸ்டென்டுக்குள் கிருமிகள் படலம் கட்டி, அதன்மேல் பித்தச் சேறு படியும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் மாற்ற வேண்டி வரும். 8 முதல் 10 மி.மீ. வரை விரியும் உலோக வலை ஸ்டென்ட் அதைவிட நீண்ட காலம் தாங்கும். அதிலும் வலைக் கண்கள் வழியே கட்டி உள்ளே வளரும், அல்லது ஸ்டென்டின் இரு முனைகளையும் தாண்டி வளர்ந்து மூடும். ஸ்டென்ட் வைப்பதற்கு முன் கட்டியைப் பொசுக்கிவிட்டால் அந்த வளர்ச்சி தள்ளிப்போகும், ஆயுளும் கூடலாம் என்ற எண்ணத்தில்தான் இந்தச் சிகிச்சை வந்தது.

ரேடியோ அலைப் பொசுக்கலைப் படிப்படியாக எப்படிச் செய்கிறார்கள்?

எண்டோஸ்கோப்பி மேசைக்குப் போகும் முன்பே வேலை தொடங்கிவிடுகிறது. சிடி ஸ்கேனும் எம்ஆர்சிபி எனும் பித்தநாள எம்ஆர்ஐயும் எடுத்து, எந்தக் கிளை உயிரோட்டமுள்ள கல்லீரல் பகுதியை வடிக்கிறது, எது சுருங்கிப் போனது என்று முடிவு செய்வார்கள். வாசல் அடைப்பில் கல்லீரலின் பாதிக்கு மேலான பகுதி வடிய வேண்டும் என்பது பொதுவான இலக்கு. சுருங்கிப்போன கல்லீரல் பகுதியில் ஸ்டென்ட் வைப்பதால் பயனில்லை. அதைவிட மோசம், வடிக்க முடியாத கிளைக்குள் எக்ஸ்ரேயில் தெரிவதற்கான சாயத்தைச் செலுத்துவது. அங்கே கிருமி தேங்கிச் சீழ் பிடிக்கும்.

பிறகு ஈஆர்சிபி, அதாவது எண்டோஸ்கோப்பியும் எக்ஸ்ரேயும் சேர்த்துப் பித்தநாளத்துக்குள் வேலை செய்யும் முறை. மயக்கம் கொடுத்து, பக்கவாட்டில் பார்க்கும் கேமரா உள்ள குழாயை முன்சிறுகுடல் வரை இறக்கி, பித்தநாளத்தின் வாயில் 0.035 அங்குலக் கைடு வயரை (வழிகாட்டிக் கம்பியை) அடைப்புக்கு மேல்வரை ஏற்றுவார்கள். எக்ஸ்ரேயில் அடைப்பின் நீளத்தை அளப்பார்கள். புற்று என்பது திசுப் பரிசோதனையில் உறுதியாகாமல் இருந்தால் பிரஷ், பயாப்ஸி மாதிரிகளை இப்போதே எடுத்துவிட வேண்டும். பொசுக்கிய பின் எடுத்த திசுவை நம்பி நோயைச் சொல்ல முடியாது. இறுக்கம் மிகுதியாக இருந்தால் சிறு பலூனால் கொஞ்சம் விரிப்பார்கள்.

வயரின் மேல், பொசுக்கும் மெல்லிய குழாயான கதீட்டர் ஏறும். பரவலாகப் பயன்படும் ஹபீப் கதீட்டர் 8 பிரெஞ்சு தடிமன் கொண்டது, அதாவது 2.7 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. நுனியருகே இரண்டு வளைய மின்முனைகள் இருக்கும். மின்சாரம் அந்த இரண்டுக்கும் நடுவிலேயே ஓடுவதால் தொடையில் ஒட்டும் தகடு தேவையில்லை. ஒரு தடவைக்குச் சுமார் 2.5 செ.மீ. நீளம் பொசுங்கும். வழக்கமான அளவு 7 முதல் 10 வாட், 90 விநாடி. நிறுத்தியதும் கதீட்டரை உடனே நகர்த்தக் கூடாது. ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆற விட வேண்டும். சூட்டில் திசு மின்முனையில் ஒட்டியிருக்கும், அவசரப்பட்டு இழுத்தால் பிய்ந்து ரத்தம் வரும். அடைப்பு நீளமானதாக இருந்தால் மேலிருந்து கீழாக இறங்கி அடுத்த இடத்தைப் பொசுக்குவார்கள். ஒரே இடத்தில் இரட்டிப்புச் சூடு விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கொரியத் தயாரிப்பான எல்ரா கதீட்டர் 7 பிரெஞ்சு தடிமன். அதில் வெப்ப உணரி இருக்கிறது. 80 டிகிரி செல்சியஸைத் தாண்டாதபடி கருவியே மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும். மின்முனை நீளம் 11, 18, 22, 33 மி.மீ. என்று பல அளவுகளில் கிடைப்பதால் குட்டையான அடைப்புக்கும் கல்லீரல் வாசலுக்கும் பொருத்தமானதைத் தேர்ந்தெடுக்கலாம்.

கடைசியில், பொசுங்கிய திசுத் துணுக்குகளைப் பலூனால் துடைத்து இறக்கிவிட்டு ஸ்டென்ட் வைப்பார்கள். ஸ்டென்ட் இல்லாமல் விட்டுவிட முடியாது. சூடு பட்ட இடம் வீங்கி, முன்பைவிட இறுக்கமாக அடைத்துக்கொள்ளும்.

ஒளி சிகிச்சை இதிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

போர்ஃபிமர் சோடியம் என்ற மருந்தை உடல் எடையின் ஒரு கிலோவுக்கு 2 மி.கி. வீதம் ரத்தநாளத்தில் ஏற்றுவார்கள். 48 மணி நேரம் கழித்து ஈஆர்சிபி செய்து, மெல்லிய ஒளியிழையை அடைப்புக்குள் வைத்து, 630 நானோமீட்டர் சிவப்பு ஒளியைச் சதுர செ.மீ.க்கு 180 ஜூல் அளவில் பாய்ச்சுவார்கள். ஓர் இடத்துக்கு ஏழரை நிமிடம் போல ஆகும். ஒளி பட்ட மருந்து வீரியமான ஆக்சிஜனை உண்டாக்கி, செல்லையும் அதற்குப் போகும் நுண்ணிய ரத்தக்குழாய்களையும் கொல்லும். ஆழம் 4 முதல் 6 மி.மீ. ரேடியோ அலைக் கதீட்டர் நுழைய முடியாத வளைந்த கிளைகளிலும் ஒளி எட்டும் என்பது இதன் பலம்.

பலவீனம் வெயில். மருந்து தோலில் பல வாரம் தங்கும். குறைந்தது 30 நாள், சிலருக்கு அதற்கு மேலும், நேரடி வெயில் பட்டால் தோல் வெந்து கொப்புளிக்கும். நம் ஊர் வெயிலில் இது சின்ன விஷயம் அல்ல. சன்ஸ்கிரீன் பூசினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அது தடுப்பது புற ஊதாக் கதிரை, இந்த மருந்தைத் தூண்டுவதோ கண்ணுக்குத் தெரியும் ஒளி. கார் கண்ணாடியும் ஜன்னல் கண்ணாடியும் அதனால்தான் காப்பாற்றாது. அதற்காக இருட்டறையில் அடைந்து கிடக்கவும் வேண்டாம். வீட்டுக்குள் இருக்கும் சாதாரண வெளிச்சம் மருந்து மெல்ல மெல்லச் சிதைய உதவும். முழுக்கைச் சட்டை, தொப்பி, கையுறை, கறுப்புக் கண்ணாடி இல்லாமல் பகலில் வெளியே போகக் கூடாது. பல் டாக்டரின் விளக்கு, அறுவை அரங்கின் விளக்கு ஆகியவற்றிலும் எச்சரிக்கை வேண்டும். 30 நாள் முடிந்ததும் முகத்தைத் தவிர்த்து, தோலில் ஒரு சிறு இடத்தை மட்டும் பத்து நிமிடம் வெயிலில் காட்டி, 24 மணி நேரத்தில் சிவந்து வீங்காவிட்டால் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரலாம்.

இதனால் ஆயுள் கூடுமா?

ஒரு வரியில் பதில் சொல்பவரை நம்ப வேண்டாம். ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. முரண்பாட்டுக்குக் காரணம் உண்டு.

ஒளி சிகிச்சையில் முதலில் வந்தது பிரமிப்பூட்டும் முடிவு. 2003இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில் 39 பேர். ஒளி சிகிச்சையும் ஸ்டென்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு தாண்டிய காலம்) 493 நாள், ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்களுக்கு 98 நாள். ஐந்து மடங்கு! ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள் முதல் ஸ்டென்டுக்குப் பிறகும் காமாலை சரியாக இறங்காதவர்கள். வடியாத கல்லீரலோடு இருப்பவர் சீக்கிரம் இறப்பது எதிர்பார்க்கக்கூடியதே. 2018இல் பிரிட்டனிலிருந்து வந்த ஃபோட்டோஸ்டென்ட்-02 ஆய்வு 92 பேரை நன்றாக வடித்த பிறகு ஒப்பிட்டது. முடிவு தலைகீழ்: ஒளி சிகிச்சை பெற்றவர்கள் 6.2 மாதம், ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்கள் 9.8 மாதம். ஒளி சிகிச்சைப் பிரிவில் பிறகு கீமோதெரபி பெற்றவர்கள் குறைவு. கூடுதல் சிகிச்சை பயனுள்ள சிகிச்சையின் இடத்தைப் பிடித்துக்கொண்டால் நோயாளிக்கு நஷ்டம் என்றுதான் இதை நாங்கள் வாசிக்கிறோம்.

ரேடியோ அலையிலும் இதே இழுபறி. 2018இல் சீனாவில் 65 பேரிடம் செய்த ஆய்வில் பொசுக்கலோடு பிளாஸ்டிக் ஸ்டென்ட் பெற்றவர்கள் சராசரியாக 13.2 மாதம் இருந்தார்கள், மற்றவர்கள் 8.3 மாதம். ஸ்டென்ட் திறந்திருந்த காலமும் 3.4 மாதத்திலிருந்து 6.8 மாதமாகக் கூடியது. 2021இல் அதே நாட்டில் 174 பேரிடம் நடந்த பெரிய ஆய்வில் இடைநிலை ஆயுள் பொசுக்கல் பெற்றவர்களுக்கு 14.3 மாதம், மற்றவர்களுக்கு 9.2 மாதம். விசித்திரம் என்னவென்றால், இந்த ஆய்வில் ஸ்டென்ட் திறந்திருந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. பிறகு 2023இல் செக் நாட்டிலிருந்து 161 பேரின் ஆய்வு வந்தது. உலோக ஸ்டென்டுடன் பொசுக்கலைச் சேர்த்ததில் பித்தநாளப் புற்றிலும் சரி, கணையப் புற்றிலும் சரி, ஆயுளும் கூடவில்லை, ஸ்டென்ட் காலமும் கூடவில்லை. கொரியாவின் சிறு ஆய்வுகளும் அதையே சொல்கின்றன.

மொத்தமாகப் பார்த்தால்: பலன் தெரிந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பித்தநாளத்தின் சொந்தப் புற்று உள்ளவர்கள், பிளாஸ்டிக் ஸ்டென்ட் வைத்தவர்கள். நல்ல உலோக ஸ்டென்ட் வைத்த இடத்தில் பொசுக்கல் கூட்டுவது சொற்பம். அமெரிக்க இரைப்பை குடலியல் கல்லூரியின் 2023 வழிகாட்டி, அறுவைக்கோ மாற்றுக் கல்லீரலுக்கோ வழியில்லாத கல்லீரல் வாசல் பித்தநாளப் புற்றுக்கு மட்டும், ஸ்டென்டோடு பொசுக்கலைச் சேர்ப்பதை ஒரு நிபந்தனையுள்ள பரிந்துரையாகச் சொல்கிறது. ஆதாரம் பலமற்றது என்றும் அதுவே ஒப்புக்கொள்கிறது.

அப்படியானால் யாருக்குச் செய்யலாம், யாருக்கு வேண்டாம்?

பித்தநாளப் புற்று உறுதியாகி, அறுவைக்கு வழியில்லாமல், அடைப்பு குட்டையாக, எழுந்து நடமாடும் தெம்போடு இருப்பவருக்குப் பேசிப் பார்க்கலாம். கணையத் தலைப் புற்றில் கட்டி குழாய்க்கு வெளியிலிருந்து அமுக்குகிறது. உள்ளே சில மில்லிமீட்டர் பொசுக்கி என்ன ஆகும்? அங்கே உலோக ஸ்டென்டே போதும் என்பது எங்கள் கருத்து.

சீழ் பிடித்து நடுக்கத்தோடு காய்ச்சல் அடிக்கும் நேரத்தில் கூடாது. முதலில் வடிக்க வேண்டும், மற்றதெல்லாம் பிறகு. புற்று என்று உறுதியாகாத சுருக்கத்திலும் கூடாது. புற்றைப் போலவே காட்டி ஏமாற்றும், ஸ்டீராய்டில் சரியாகிவிடும் ஐஜிஜி4 அழற்சி என்ற ஒன்று உண்டு.

அறுவைக்கோ மாற்றுக் கல்லீரலுக்கோ சிறு வாய்ப்பு இருந்தால்கூட, அந்த அறுவை நிபுணர் பார்க்கும்வரை பொசுக்கல் காத்திருக்கட்டும். மாற்றுக் கல்லீரல் யோசனையில் இருப்பவருக்கு வயிற்றின் வழியே ஊசி குத்தி அந்தக் கட்டியில் பயாப்ஸி எடுப்பதும் ஆகாது. ஊசிப் பாதையில் புற்று சிந்தும் என்பதால் பல மையங்கள் அதன்பின் அவரைப் பட்டியலில் சேர்க்காது.

பாதுகாப்பானதா? என்னென்ன ஆபத்து வரும்?

எந்த ஈஆர்சிபிக்கும் உள்ள ஆபத்துகள் இதற்கும் உண்டு: கணைய அழற்சி, பித்தநாளக் கிருமித் தொற்று, ரத்தக் கசிவு, குடலில் துளை. மொத்தத்தில் ஸ்டென்ட் மட்டும் வைத்தவர்களைவிட ஆபத்து பெருமளவு கூடவில்லை என்றே பெரும்பாலான ஆய்வுகள் காட்டுகின்றன. முதல் சில நாள் வயிற்றுவலி கொஞ்சம் அதிகம். ஆனால் பொசுக்கலுக்கே உரிய மூன்று ஆபத்துகளைத் தனியாகச் சொல்ல வேண்டும்.

ஒன்று, பித்தப்பை அழற்சி. பித்தப்பைக் குழாய் திறக்கும் இடத்தில் சூடு பட்டு வீங்கினால் பித்தப்பை அடைபட்டுச் சீழ் கட்டும். மேலே சொன்ன 174 பேர் ஆய்வில் பொசுக்கல் பிரிவில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இது வந்தது, மற்ற பிரிவில் யாருக்கும் வரவில்லை.

இரண்டு, தாமதமான ரத்தப்போக்கு. வலது கல்லீரல் தமனி பெரும்பாலும் பித்தநாளத்தின் முதுகை ஒட்டியே ஓடுகிறது. சூடு அந்தச் சுவர் வரை போனால், பொசுங்கிய திசு உதிரும்போது தமனி திறந்துகொள்ளும். 2014இல் வெளியான, 12 பேர் கொண்ட ஒரு ஜெர்மானியத் தொடரில் மூவருக்கு 4 முதல் 6 வாரம் கழித்து ரத்தம் கொட்டியது. இருவர் இறந்தார்கள். சின்னத் தொடர்தான். ஆனாலும் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் கழித்தும் ஆபத்து வரலாம் என்பதை அது காட்டுகிறது.

மூன்று, கல்லீரலின் ஒரு பகுதிக்கு ரத்தம் நின்று அது கருகுவது. அபூர்வம். இதுவும் தமனியில் சூடு படுவதால் வருவதே. கல்லீரல் வாசலில் வாட்டைக் குறைத்து வைப்பதற்கும், ஒரே இடத்தில் இரண்டு முறை சுடாமல் இருப்பதற்கும் காரணம் இதுதான்.

முன்னேற்பாடாக என்ன செய்ய வேண்டும்?

காமாலை நீடித்தால் வைட்டமின் கே உடம்பில் சேராது, ரத்தம் உறையத் தாமதமாகும். அதனால் ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐஎன்ஆர் பார்த்து, தேவையென்றால் வைட்டமின் கே ஊசி போடுவார்கள். ஐஎன்ஆர் 1.5க்குக் கீழும், தட்டணுக்கள் 50,000க்கு மேலும் இருக்க வேண்டும் என்பது பொது அளவுகோல். ரத்தம் கட்டாமல் தடுக்கும் குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்றவை சாப்பிடுபவர் இதய டாக்டரைக் கேட்காமல் தானாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் மறைக்கவும் கூடாது. பேஸ்மேக்கர் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். கணைய அழற்சியைக் குறைக்க டைக்ளோஃபெனாக் அல்லது இண்டோமெத்தசின் 100 மி.கி. ஆசனவாய் வழியே வைப்பார்கள், சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் யோசித்துச் செய்வார்கள். சில கிளைகள் வடியாமல் போகும் என்று தெரிந்தால் ஆன்டிபயாடிக் முன்கூட்டியே தொடங்கும்.

வீட்டுக்கு வந்த பிறகு எதற்காக உடனே ஓட வேண்டும்?

குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால் அன்றே, இரவானாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பாராசிட்டமால் போட்டுவிட்டு விடியட்டும் என்று காத்திருப்பது இந்த நோயில் உயிரைப் பறிக்கும் தவறு. தார் போன்ற கறுப்பு மலம், ரத்த வாந்தி, திடீர்த் தலைச்சுற்றல் வந்தால் ‘சில வாரம் முன்பு பித்தநாளத்தில் பொசுக்கினார்கள்’ என்று அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அவர்கள் ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ எடுத்து, கசியும் தமனியை அடைக்க முடியும். வலது விலாவுக்குக் கீழ் விடாத வலி பித்தப்பையைக் குறிக்கும். சிறுநீர் மறுபடி கறுத்தால் ஸ்டென்ட் அடைத்திருக்கிறது.

டிஸ்சார்ஜ் சீட்டில் என்ன ஸ்டென்ட், எத்தனை, எந்தப் பக்கம், எந்தத் தேதி, எத்தனை வாட், எத்தனை விநாடி என்று எழுதி வாங்குங்கள். அடுத்து பார்க்கும் டாக்டருக்கு இதைவிடப் பயனுள்ள காகிதம் கிடையாது.

கீமோதெரபி எப்போது?

காமாலையின் அளவைக் காட்டும் பிலிருபின் இறங்கியதும், தாமதிக்காமல். ஜெம்சிடபினோடு சிஸ்பிளாட்டின் சேர்ப்பதால் ஆயுள் கூடும் என்பதை 2010இல் ஏபிசி-02 ஆய்வு காட்டியது: ஜெம்சிடபின் மட்டும் என்றால் 8.1 மாதம், இரண்டும் சேர்ந்தால் 11.7. பின்னர் துர்வாலுமாப் போன்ற எதிர்ப்பாற்றல் மருந்தும் இதோடு சேர்ந்தது. பொசுக்கலும் கீமோவும் எதிரிகள் அல்ல. எஸ்-1 என்ற வாய்வழி கீமோவைப் பொசுக்கலோடு சேர்த்த ஒரு சீன ஆய்வில், பொசுக்கல் மட்டும் பெற்றவர்களின் ஆயுள் 11 மாதம், இரண்டும் பெற்றவர்களுக்கு 16 மாதம். ஆனால் பொசுக்கலுக்குத் தேதி கிடைக்கவில்லை என்று கீமோவை மூன்று வாரம் தள்ளிவைப்பது தவறான கணக்கு.

உலோக ஸ்டென்ட் ஏற்கனவே அடைத்துவிட்டது. அதற்குள் பொசுக்கலாமா?

செய்கிறார்கள். வலைக் கண் வழியே வளர்ந்த சதையைப் பொசுக்கி வழி உண்டாக்கலாம். மின்முனை உலோகக் கம்பியைத் தொட்டால் மின்சாரம் சதைக்குப் போகாமல் கம்பி வழியே ஓடிவிடும். சூடு வேண்டிய இடத்தில் இராது, வேண்டாத இடத்தில் ஏறும். அதனால் உள்ளே போதிய சதை இருந்து கதீட்டரைச் சுற்றி அணைத்திருந்தால் மட்டுமே பயன். ஸ்டென்டுக்குள் இருப்பது வெறும் பித்தச் சேறு என்றால் பொசுக்க வேண்டியதில்லை, பலூனால் துடைத்தாலே ஓடும். இரண்டிலும் பெரும்பாலும் உள்ளே இன்னொரு ஸ்டென்ட் வைத்துத்தான் முடிப்பார்கள்.